ஊசி பட்டால் பரவுமா? நுரையீரல் கட்டிக்கு ஊசி பயாப்ஸி பற்றி ஒரு பதில்

உங்கள் அப்பாவுக்கு 62 வயது. மூன்று மாதத்துக்கும் மேலாக இருமல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் தெரிந்ததால், சளியில் கிருமி இல்லாவிட்டாலும் டி.பி. மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டரை மாதம் விழுங்கியும் நிழல் குறையவில்லை, உடம்பு 6 கிலோ இளைத்துவிட்டது. சி.டி.யில் 4 செ.மீ. கட்டி என்று வந்ததும் மருத்துவர் ஊசி பயாப்ஸிக்கு, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்கு, நாள் குறித்திருக்கிறார். புற்றுநோயாக இருந்தால் ஊசி பட்டதும் பரவிவிடும் என்று பெரியப்பா தடுக்கிறார், பெட் ஸ்கேனிலேயே தெரிந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அப்பாவுக்கு நானே கெடுதல் செய்துவிடுவேனோ என்கிற பயம். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், ஊசியில் இருக்கும் ஆபத்தைவிட அதைத் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து பெரியது.

நான் நோயியல் மருத்துவர். ஊசி போடுபவள் நான் அல்ல. ஊசியில் வரும் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவள். 19 வருடங்களாக இதுதான் வேலை. அதனால் திசுவைப் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. குத்தும்போது வரும் சிக்கல்களைப் பற்றிச் சொல்வது, கூட வேலை செய்யும் ரேடியாலஜி மருத்துவர்களிடம் கற்றதும் வெளியான ஆய்வுகளில் படித்ததும். உங்கள் அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். எந்த இடத்தில், எந்த வழியில் எடுப்பது என்பதைப் படத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

முதலில் டி.பி. விஷயம். நம் ஊரில் நுரையீரலில் நிழல் என்றால் டி.பி. என்று நினைப்பதில் தவறே இல்லை. பெரும்பாலும் அது டி.பி.யாகத்தான் இருக்கும். மேல்பகுதி நிழல், இருமல், எடைக் குறைவு, மாலையில் காய்ச்சல், சளியில் ரத்தம் என்று எதை எடுத்தாலும் டி.பி., புற்றுநோய் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் கிருமியைக் கண்டுபிடிக்காமல், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையும் செய்யாமல், நிழலை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கினால் ஒரு கெடு வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமலும் எடையும் படமும் திரும்பவில்லை என்றால் முதலில் இருந்து யோசிக்க வேண்டும். என் மேசைக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்களில், கூடவே வரும் பழைய சீட்டில் டி.பி. மாத்திரை எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். சிலர் ஆறு மாதக் கோர்ஸை முழுக்க முடித்துவிட்டு வந்திருப்பார்கள். உங்கள் மருத்துவர் இரண்டரை மாதத்திலேயே நிறுத்தி யோசித்திருக்கிறார். நல்ல வேலை செய்திருக்கிறார்.

பெட் ஸ்கேன் பற்றி. அதில் உடம்புக்குள் செலுத்துவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. வேகமாக வளரும் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். புற்றுநோய் செல் அப்படி இழுக்கும், டி.பி. கட்டியில் சண்டை போடும் வெள்ளணுக்களும் அப்படியே இழுக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலப் பளிச்சென்று தெரியும். டி.பி. குறைவாக உள்ள நாடுகளில் எழுதப்பட்ட பெட் கணக்கை அப்படியே தூக்கி நம் ஊரில் வைக்க முடியாது. அதற்காகப் பெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. புற்றுநோய் என்று உறுதியானால் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க அது மிகவும் பயன்படும். கட்டியில் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, எந்தப் பகுதி செத்துக் குழைந்திருக்கிறது என்று காட்டி, ஊசியை எங்கே செலுத்தலாம் என்பதற்கும் உதவும். ஆனால் இது இன்ன நோய் என்று பெயர் சொல்லும் வேலையை அது செய்யாது. அந்த வேலைக்குத் திசு வேண்டும்.

நோயின் பெயர் தெரிந்தாலும் பாதிதான் முடிந்தது. இதை உங்கள் பெரியப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே நோய் கிடையாது. சிறுசெல் வகை என்றால் அறுவை சிகிச்சை அபூர்வம், கீமோவும் கதிர்வீச்சும்தான் வழி. அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் என்ற மற்ற இரண்டு பெரிய வகைகளுக்குள்ளும் மருந்து மாறும். பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து அடினோவுக்கு உதவும், ஸ்குவாமஸுக்குப் பயன்படாது. அடினோ என்றால் அடுத்த கேள்வி மரபணு. இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா, ஆல்க், ராஸ்-1 போன்றவற்றில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009இல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வு கிழக்காசிய நோயாளிகளிடம் நடந்தது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களுக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை கீமோவைவிட நன்றாக நோயைக் கட்டுப்படுத்தியது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவைவிட மிக மோசமாகத் தோற்றது. இந்திய நோயாளிகளில் அடினோ வகைக்காரர்கள் நாலு பேரில் ஒருவருக்காவது, சில ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்கு, இந்த மாற்றம் இருக்கிறது. புகை பிடிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். யாருக்கு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தோ ஸ்கேனைப் பார்த்தோ சொல்லிவிட முடியாது.

இனி ஊசியைப் பற்றி. மார்புச் சுவர் வழியாக நுரையீரலில் ஊசி செலுத்துவது புதிய சாகசம் அல்ல. 1883இல் ஜெர்மனியில் லேய்டன் என்ற மருத்துவர் நிமோனியாக் கிருமியைத் தேடி அப்படிச் செய்தார். 1886இல் பிரான்சில் மெனெத்ரியே அதே வழியில் நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிந்தார். 1976 வாக்கில் சி.டி. படத்தை வைத்து ஊசியை நடத்தும் முறை வந்த பிறகுதான் ஊசி முனை எங்கே நிற்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துச் செய்ய முடிந்தது. இன்றைக்கு நோயாளி முழு நினைவோடு சி.டி. மேசையில் படுத்திருப்பார். தோலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே முதலில் ஒரு குழல் ஊசியைக் கட்டி வரை கொண்டுபோய் நிறுத்தி, அதற்குள்ளேயே இன்னொரு ஊசியை விட்டுத் துண்டுகளை எடுப்பார்கள். நுரையீரல் உறையைத் துளைப்பது ஒரே ஒரு முறைதான். துண்டுகள் நாலைந்து வரை கிடைக்கும். எங்களுக்கு வந்து சேரும் துண்டு எப்படி இருக்கும் தெரியுமா? சேமியாவை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒடித்துப் போட்டதுபோல. அவ்வளவுதான். செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் மெல்லிய ஊசி முறையும் உண்டு. புற்றா இல்லையா என்று சொல்ல அது பெரும்பாலும் போதும். ஆனால் வகையும் மரபணுவும் டி.பி.யும் எல்லாம் தெரிய வேண்டுமென்றால் சேமியாத் துண்டுதான் எனக்கு விருப்பம்.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்கிறேன். அடிக்கடி வருவது, துளைத்த இடத்தில் காற்று கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்குவது. 100 பேருக்கு எடுத்தால் சுமார் 15 முதல் 25 பேருக்கு வரும். பெரும்பாலோருக்குக் கொஞ்சம்தான் இருக்கும், ஆக்சிஜன் வைத்துக் கண்காணித்தாலே போதும். 100இல் ஆறேழு பேருக்கு மட்டும் மார்பில் சிறு குழாய் வைத்துக் காற்றை எடுக்க வேண்டியிருக்கும். ஓரிரு நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் பஞ்சுபோல ஊதிப்போனவர்களுக்கு இது அதிகம். அப்பா அப்படி என்றால் மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். அடுத்தது ரத்தம். ஒன்றிரண்டு நாள் சளியில் சிவப்புக் கீற்று வருவது சாதாரணம். நிறைய ரத்தம் கக்குவது நூற்றில் ஓரிருவருக்கு நடக்கலாம். காற்று ரத்தக்குழாய்க்குள் புகுந்து மூளைக்கோ இதயத்துக்கோ போவது மிக அபூர்வம், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் படிவத்தில் அது எழுதியிருக்கும். எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம்.

பெரியப்பாவின் பயத்துக்கு வருகிறேன். ஊசி போன பாதையில் புற்று செல் ஒட்டி வளர்வது உலகத்தில் நடந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். நடந்திருக்கிறது, எண்ணிக்கை 10,000 பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை. அப்படியானால் கத்தி பட்டதும் பரவிவிட்டது, ஊசி போட்டதும் படுத்துவிட்டார் என்று ஊரில் சொல்வது எங்கிருந்து வருகிறது? அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். நோய் முற்றிய பிறகுதான் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். பயாப்ஸி எடுக்கும்போதே அது எலும்புக்கும் கல்லீரலுக்கும் போயிருக்கும். ரிப்போர்ட் வந்து மூன்றாவது மாதம் ஆள் சாய்ந்துவிடுகிறார். ஊசி முன்னால், சாவு பின்னால் என்று மனதில் வரிசைப்பட்டுவிடுகிறது. பெரியப்பாவிடம் வாதாட வேண்டாம். இந்த வரிசையை மட்டும் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

நிச்சயமில்லாத ஓர் இடம் இருக்கிறது. கட்டி சிறியது, ஆரம்ப நிலை, நுரையீரலின் வெளி உறையை ஒட்டியே இருக்கிறது என்றால், ஊசி பயாப்ஸி எடுத்தவர்களுக்குப் பின்னாளில் அந்த உறையில் நோய் திரும்புவது சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. இதில் முடிவான வார்த்தை சொல்ல இன்றைக்கு யாராலும் முடியாது என்பது என் கணிப்பு. ஆகவே அந்த மாதிரிச் சின்னக் கட்டியோடு அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடம்பும் இருந்தால், ஊசி இல்லாமல் நேராக அறுத்து எடுத்துவிடலாமா என்று மார்பு அறுவை மருத்துவரிடம் கேட்பது நியாயம். உங்கள் அப்பாவின் கட்டி 4 செ.மீ., எடை இறங்கியிருக்கிறது, டி.பி.யா என்ற கேள்வியும் முடியவில்லை. பெயர் தெரியாமல் நுரையீரலின் ஒரு மடலையே எடுத்துவிட்டு, பிறகு அது டி.பி. என்று வந்தால் யாருக்கும் ஆறுதல் கிடையாது.

ஊசியை நுரையீரலில்தான் செலுத்த வேண்டுமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. காறை எலும்புக்கு மேலே கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் ஐந்து நிமிடத்தில், நுரையீரலைத் தொடாமல் எடுத்துவிடலாம். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் அதே ஊசியில் தெரிந்துவிடும். மார்பில் நீர் கோத்திருந்தால் அந்த நீரை எடுத்துப் பார்க்கலாம். புற்றுநோயால் வந்த நீரில்கூட பத்தில் ஆறு பேருக்குத்தான் செல் அகப்படும் என்பதால், அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி நடுவில் இருந்தாலோ, நெஞ்சின் நடுவே நெறிகள் பெருத்திருந்தாலோ, வாய்வழியாகக் குழாய் விட்டு அல்ட்ராசவுண்டு பார்த்து ஊசி போடும் முறை நல்லது. ஓரத்தில் இருக்கும் கட்டிக்குத்தான் சி.டி. ஊசி சரியான கருவி. இன்னொன்று: கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிபோலத் தெரிவது ரத்தக்குழாய் முடிச்சாகவோ, நாயிடமிருந்து வரும் நாடாப்புழுவின் நீர்க்கட்டியாகவோ இருந்தால், ஊசி குத்தவே கூடாது.

திசு வெளியே வந்த பிறகு நடப்பது என் உலகம். இங்கே நடக்கும் தவறுகளை வெளியில் யாரும் பேசுவதில்லை. எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிடுவது வழக்கம். பார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், கிருமியைக் கொன்றுவிடும். நான் பார்த்துவிட்டு டி.பி. போலத் தெரிகிறது என்று எழுதினால், மருந்துக்கு அடங்காத வகையா என்று பார்க்கக் கல்ச்சர் வைக்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, உயிருள்ள கிருமி இருக்காது. மறுபடியும் ஊசி. அதனால் ஒரு துண்டைச் சலைனில் போட்டு டி.பி. ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் அப்பா விஷயத்தில் இது கட்டாயம். டி.பி.யும் புற்றுநோயும் ஒரே நுரையீரலில் சேர்ந்தே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒன்று கிடைத்தது என்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது.

இன்னொரு தவறு நான் செய்தது. வேலைக்கு வந்த புதிதில், புகையே பிடிக்காத, நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணின் பயாப்ஸி வந்தது. சின்னத் துண்டு. அடினோதான் என்று முதல் ஸ்லைடிலேயே ஏறக்குறையத் தெரிந்தது. ஆனாலும் முழு உறுதி வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சிறப்புச் சாயச் சோதனைகள் போட்டேன். ஒவ்வொன்றுக்கும், திசுவை மெழுகில் பதித்து வைக்கும் பிளாக்கிலிருந்து ஒரு சீவல் போய்விட்டது. மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொன்னபோது மெழுகு மட்டும்தான் மிச்சம். அந்தப் பெண் மறுபடி சி.டி. மேசையில் படுக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் போனது. இரண்டாவது துண்டில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது, மாத்திரை தொடங்கினார்கள். அந்த மூன்று வாரத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் டி.டி.எஃப்.-1, பி40 என்று இரண்டு சாயத்தோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறேன். மிச்சத் திசு மரபணுவுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின் மேல் ஏவும் இம்யூனோதெரபி பலிக்குமா என்று பார்க்கும் பி.டி.-எல்1 சோதனைக்கும் வேண்டும். அதற்கு மட்டுமே குறைந்தது 100 உயிருள்ள புற்று செல்கள் தேவை. பயாப்ஸிச் சீட்டில் "நுரையீரல் கட்டி, மரபணுச் சோதனைக்குத் திசு சேமிக்கவும், டி.பி. மாத்திரை இரண்டரை மாதம் எடுத்தவர்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் பெயரும் வயதும் எழுதிய சீட்டோடு வரும் துண்டை நாங்கள் பாதிக் கண்ணால்தான் பார்க்கிறோம்.

ரத்தத்தில் எடுக்கும் லிக்விட் பயாப்ஸி பற்றி யாராவது சொல்வார்கள். கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் மரபணுத் துணுக்குகளைத் தேடுவது அது. மாற்றம் கிடைத்தால் நம்பலாம். கிடைக்கவில்லை என்றால் கட்டி உதிர்க்கவில்லை என்றும் இருக்கலாம்; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நோயே என்ன என்று தெரியாத நிலையில் திசுவின் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

ரிப்போர்ட் வந்ததும் எப்படிப் படிப்பது? புற்றுநோய் என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய நிச்சயம்; இல்லாததை இருப்பதாகச் சொல்வது மிகக் குறைவு. இருப்பதைத் தவறவிடுவதுதான் நடக்கும்: புற்றுநோய் உள்ள 100 பேரில் சுமார் 10 பேருக்கு ஊசி அதைப் பிடிக்காமல் போகலாம், கட்டி 2 செ.மீ.க்குக் கீழ் என்றால் இன்னும் அதிகம். எனவே புற்று இல்லை என்ற வரியைப் பார்த்ததும் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் அடுத்த வரியைப் பாருங்கள். டி.பி., சீழ்க்கட்டி, ஹமார்ட்டோமா என்ற புற்றல்லாத கட்டி என்று வேறொரு நோயின் பெயர் உறுதியாக இருந்தால் நிம்மதிப்படலாம். "நாட்பட்ட அழற்சி", "நார்த்திசு மட்டும்", "செத்த திசு" என்று பொதுவாக இருந்தால் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்றுதான் அர்த்தம். கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வீக்கத்தில் ஊசி நின்றிருக்கலாம். அப்போது ரேடியாலஜிஸ்டும் நுரையீரல் மருத்துவரும் நோயியல் மருத்துவரும் படத்தையும் ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். படம் சந்தேகமாகவே இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். மூன்று மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. பயாப்ஸியின் பிளாக்கும் ஸ்லைடும் உங்கள் அப்பாவுடையவை; வேறு மருத்துவமனைக்குப் போனால் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே மறுபடி குத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

அப்பா இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. குளோபிடோக்ரெல் போன்றவற்றைப் பொதுவாக ஐந்து நாள் முன்னதாக நிறுத்துவார்கள், ஆனால் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எடுத்து முடித்ததும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைப்பார்கள், சில மணி நேரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த எக்ஸ்ரே முடியாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலி கூடினாலோ, கீற்றாக இல்லாமல் ரத்தமாகவே இருமினாலோ, ராத்திரி என்றாலும் உடனே திரும்பப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் ஒரு வரி: அப்பாவிடம் இது சளிக்கான ஸ்கேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஏன் என்று புரிகிறது. ஆனால் ஊசி உள்ளே போகும் நேரத்தில் மூச்சை இழுத்து அப்படியே பிடி என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதே அளவு மூச்சைப் பிடித்தால்தான் கட்டி அதே இடத்தில் நிற்கும். எதற்கென்றே தெரியாமல் பயந்துபோய்ப் படுத்திருப்பவரால் அது முடியாது. புற்றுநோய் என்ற சொல்லை இன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை, அது இன்னும் உறுதியாகவும் இல்லை. நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது, என்னவென்று பார்க்க ஊசியில் கொஞ்சம் எடுக்கப் போகிறார்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சை இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்க நாலைந்து தடவை பழக்குங்கள். இருமல் வந்து பிடிக்க முடியவில்லை என்றால் அதை நாளைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமலை அடக்க முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.